அப்பனுக்குப் பொசிஷன்

முத்திரை என் முகத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. தாளாளர் முகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. சேமித்துவிட்டு மறுபடி வெப்சைட் பக்கத்தைத் திறந்தாலும் அங்கேயேதான். பள்ளிக்கூடத்தின் பெயருக்குக் கீழே சந்தனக் கலர் சபாரி போட்டுக்கொண்டு சிரிக்கிறாரே, அந்த முகத்துக்கு மேல் தங்கக் கலர் வட்டம், ஓரமெல்லாம் பல் பல்லாக, நடுவில் 'நூறு சதவீதத் தேர்ச்சி'. காதும் கொஞ்சம் முடியும்தான் வெளியே தெரிகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சிரித்தேன். ஆபீஸில் யாரும் இல்லை, அதனால் என் சிரிப்பு எனக்கே ஒரு மாதிரியாகக் கேட்டது, நிறுத்திவிட்டேன். பூபதி அண்ணன் குமாரபாளையத்தில் ஏதோ கல்யாணத்துக்குச் சாப்பிடப் போயிருக்கிறார். போகும்போது வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னார். "டேய் யுகி, ஸ்கூல்காரரு போன் மேல போனப் போட்டு உசுர வாங்கறாரு. அந்த குரூப் போட்டோவுல நடுவால ஒரு நெட்டையன் நிக்கறான் பாரு, அவன் பாதியில டிசி வாங்கிட்டுப் போனவனாமா. பாஸானவங்க போட்டோவுல அவன் எதுக்குங்கறாரு. ஓரத்துல நின்னிருந்தா வெட்டி எறிஞ்சரலாம், நட்ட நடுவுல நிக்கறான், கெரகம். அந்த நூறு பர்சன்ட் முத்திரையத் தூக்கி அவன் மூஞ்சி மேல வெச்சு, நான் வர்றதுக்குள்ள ஏத்திரு." சரிங்கண்ணா என்றேன். அந்த நெட்டையன் நான்தான்.

அவருக்குத் தெரியவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போட்டோவில் எனக்கு ஒட்ட வெட்டின முடி, கழுத்தை இறுக்கின டை, மீசை கிடையாது. இப்போது முடி காதை மூடுகிறது, தாடி என்று சொல்லக்கூடிய ஒன்று தாடையில் இருக்கிறது. சரி, மாறித்தான் போய்விட்டேன். இருந்தாலும் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற ஆள். ஸ்க்ரீனில் என் முகத்தின் மேல் நகத்தை வைத்து, இவன்தான் இவன்தான் என்று தட்டினார், நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திரும்பினால் போதும். திரும்பவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அய்யோ நீயாடா என்று சிரிப்பார். இல்லையென்றால் பாவப்படுவார். பாவப்பட்டுவிட்டு, சரி பரவால்ல வெச்சுரு, கஸ்டமர் கேக்கறாரு என்பார். அதுதான் பயம். தெரியாமல் மூடச் சொன்னவர் தெரிந்தே மூடச் சொல்லிவிட்டால் அப்புறம் நாளைக்கு இந்த டேபிளில் வந்து எப்படி உட்காருவது. கீழே ராடு வெல்டிங் கடை. அவன் பற்ற வைக்கும்போதெல்லாம் ஃபேன் ஒரு நொடி தளர்ந்து திரும்பச் சுற்றும், ஸ்க்ரீன் சிமிட்டும், சன்னலில் நீல வெளிச்சம் வெட்டும். சிமிட்டின பிறகு ஒருவேளை முத்திரை நகர்ந்திருக்குமோ என்று பார்க்கிறேன், முட்டாள் மாதிரி. தாளாளர் முகத்திலேயே இருக்கிறது.

என்ன தப்பு என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வரி. அந்த வரியைத்தான் தட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். பக்கம் என்றால் வேறொன்றுமில்லை, பெட்டிக்குள் பெட்டி. வெளிப் பெட்டி அப்பன், உள்ளே இருப்பது புள்ளை. மற்ற ஆபீஸ்களில் என்ன பெயர் வைப்பார்களோ, இங்கே பூபதி அண்ணன் ஃபைலிலேயே அப்படித்தான் எழுதுவார், அப்பன், புள்ளை, பேரன். ஒரு பெட்டியை வரிசையிலிருந்து தூக்கி நினைத்த இடத்தில் வைக்க வேண்டுமானால் அதற்கு அப்சல்யூட் என்று போடணும், மேலேயிருந்து இவ்வளவு, இடது பக்கத்திலிருந்து இவ்வளவு என்று சொல்லணும். சரி, எங்கிருந்து அளப்பது? பொசிஷன் உள்ள அப்பன் எவனோ அவனிடமிருந்து. பெத்த அப்பனுக்குப் பொசிஷன் இல்லையா, தாத்தனிடம் போகும். அவனுக்கும் இல்லையா, பாட்டன், பூட்டன். ஒருத்தனுக்கும் இல்லையென்றால் புள்ளை நேராகப் பக்கத்தின் உச்சிக்குப் போய் அங்கிருந்து அளந்து எவன் தலைமேலாவது விழும். நான் சேர்ந்த புதிதில் ஒரு நகைக்கடைப் பக்கத்தில் கம்மல் படம் இப்படித்தான் பறந்து போய் போன் நம்பரில் தொங்கியது. அண்ணன் என் பின்மண்டையில் தட்டினார். "அப்பனுக்குப் பொசிஷன் குடுறா மொதல்ல. அப்பனுக்குப் பொசிஷன் இல்லீன்னா புள்ள தெருவுல நிக்கும்." அவர் கம்ப்யூட்டரைச் சொன்னார். எனக்கு வேறெங்கோ போய்க் குத்தியது. எங்கள் ஊரில் பொசிஷன் என்றால் அர்த்தமே வேறு. அவரு நல்ல பொசிஷன்ல இருக்கறாரு என்றால் அவருக்கு எங்கே போனாலும் நாற்காலி போடுவார்கள் என்று அர்த்தம்.

என் அப்பாவுக்குப் போடவில்லை. பதினொன்றாவது முடிந்த மே மாசம், வண்டி சர்வீசுக்கு ஊருக்கு வந்திருந்ததால் அவரும் வந்திருந்தார். போர்வெல் போடுகிற வண்டியில் ராடு மாட்டுகிற வேலை. வருசத்தில் பாதி சத்தீஸ்கர், மீதி எங்கே என்று அவருக்கே தெரியாது. நகத்துக்கு அடியில் சாம்பல் கலரில் பாறைத்தூள் எப்போதும் இருக்கும், தேய்த்தாலும் போகாது. அதற்காகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் ஆபீஸ் ரூமில் நின்றார். அவர் முன்னால் இரண்டு நாற்காலி. இரண்டும் காலி. தாளாளர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பையன் ரெண்டு சப்ஜெக்ட்ல போயிட்டாப்ல. பப்ளிக்ல போயிட்டா எங்க நூறு பர்சன்ட் போயிரும் பாருங்க. நீங்களா கேட்டு டிசி வாங்கிக்கிட்டீங்கன்னா நடத்தை நன்றுன்னு போட்டுத் தந்தர்றோம்." எவ்வளவு மரியாதை. அப்பா, சரிங்க சார் என்றார். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏனுங்க, இன்னொரு சான்ஸ் குடுக்கக் கூடாதுங்களா என்றாவது. சரிங்க சார். எனக்கு முன்னால் உள்ளே போனது ரைஸ் மில் பையனும் அவன் அப்பாவும். அவன் மூன்று சப்ஜெக்ட். எனக்குத் தெரியும், பேப்பரை என்னிடம் காட்டிச் சிரித்தான். அவர்களுக்கு டீ போனதை வராண்டாவிலிருந்து பார்த்தேன், கதவு திறந்தபோது அவன் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் இந்தப் போட்டோவில் முன்வரிசையில் இருக்கிறான். பாஸும் ஆகிவிட்டான். ஆகட்டும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. யார்மேல் கோபம் என்று தேடினால் அப்பாமேல்தான் போய் நிற்கிறது, அது நியாயமில்லை என்று தெரிகிறது, தெரிந்தும் அங்கேயே போய் நிற்கிறது, பெட்டி மாதிரியே.

போட்டோவில் என் இடது தோளில் ஒரு கை இருக்கிறது. லோகித் கை. முத்திரையை மனசுக்குள் என் முகத்தில் வைத்துப் பார்க்கிறேன், முகம் மறையும், கை மறையாது. வட்டத்துக்குக் கீழே ஒரு கை சும்மா யாரோ ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும். முத்திரையைப் பெரிசாக்கினால் கை மறையும், ஆனால் கூடவே லோகித் மூஞ்சியும் பாதி போய்விடும், அவன் ஸ்கூலில் இரண்டாவது மார்க், அவனை மூடினால் தாளாளர் நேரில் வந்துவிடுவார். இது ஆண்டுவிழா அன்று எடுத்தது. பன்னிரண்டாவதில் போட்டோ எடுக்க விட மாட்டார்கள், படிப்பு கெட்டுவிடுமாம், அதனால் மொத்த செக்‌ஷனும் இருக்கிற போட்டோ இது ஒன்றுதான். நல்ல வெயில். போட்டோக்காரர் பெஞ்சு மேல் ஏறி நின்று, "யோவ் ஒட்டகம், சென்டருக்கு வா, நீ ஓரத்துல நின்னா வரிசை சாயுது" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வராமல் நின்றபோது லோகித்தான், வாடா ஒட்டகம், உன் நெழல்ல நிக்கறேன் என்று இழுத்துப் போனான். இழுத்த கையை எடுக்கவேயில்லை. கையில் பரோட்டா சால்னா வாசம். அது நினைவிருக்கிறது, இப்போதுகூட வருகிறது, நான் மத்தியானம் சாப்பிடாததால் இருக்கலாம். டிபன் பாக்ஸ் பையில்தான் இருக்கிறது. தனியாகத் திறந்து சாப்பிட ஒரு மாதிரி இருக்கிறது. அண்ணன் இருந்தால் என்னடா இன்னிக்கும் லெமன் சாதமா என்று கேட்பார். அந்தக் கேள்வி இல்லாமல் அது இறங்க மாட்டேன் என்கிறது.

நான் போன அடுத்த மாசம் லோகித் போன் செய்தான். அப்போது என் இடத்தில் யார்டா உக்காருறா என்று கேட்டேன். அவன் யோசிக்காமல் சொன்னான், "யாருமில்லடா. எல்லாரையும் ஒரு எடம் தள்ளி உக்கார வெச்சுட்டாங்க." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அப்புறம் பேச்சு வேறு எங்கோ போனது, கிரிக்கெட், கெமிஸ்ட்ரி மேடம், அப்புறம் அம்மா கூப்பிடறாங்கடா என்றான். அப்புறம் போன் வரவில்லை. நான் போட்டால் ஸ்டடி டைம் என்பான். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அப்படி இடம் மூடிக்கொள்வதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. அப்சல்யூட் போட்ட பெட்டி வரிசையிலிருந்து வெளியே போய்விடும். மற்ற பெட்டிகள் அந்த இடத்தில் ஒன்றுமே இருந்ததில்லை என்பது போல நெருங்கி வந்து மூடிக்கொள்ளும். ரிலேட்டிவ் அப்படி இல்லை. ரிலேட்டிவ் போட்ட பெட்டியை எவ்வளவு தூரம் தள்ளினாலும் அது இருந்த இடம் அப்படியே காலியாக இருக்கும், யாரும் வர மாட்டார்கள். இதைப் பார்த்த அன்று மத்தியானம் முழுக்க வேலை செய்யாமல் ஒரு பெட்டிக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிலேட்டிவ், இடைவெளி. அப்சல்யூட், மூடிக்கொண்டது. ரிலேட்டிவ், இடைவெளி. ரிலேட்டிவ் என்றால் சொந்தக்காரன் என்றுதான் ஸ்கூலில் படித்தது. இடத்தைப் பிடித்து வைக்கிறவன் சொந்தக்காரன். அண்ணன் பின்னால் வந்து, "என்ரா ஊஞ்சல் ஆடுற" என்றார். சும்மாங்கண்ணா என்றேன். வீட்டில் என் இடம் எப்படி என்று அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நான் படிக்கிற சன்னலோரத்தில் அரிசி மூட்டை இருந்தது. அம்மா வேண்டுமென்று வைக்கவில்லை. காலியாக இருந்தது, வைத்தார்.

போன் அடித்தது. லோகித் என்று ஒரு நொடி நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, இன்னும் நினைக்கிறேன். அப்பா. அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம், இந்தப் பக்கம் வெல்டிங். "சாப்டயா கண்ணு?" "சாப்டேன்." பொய். "ஒண்ணுமே கேக்குல. டவரு இங்கதான் கெடச்சுது. அண்ணன் இருக்கறாரா?" "கல்யாணத்துக்குப் போயிருக்காரு." "அப்ப நீ தனியாவா இருக்கற? பயமா இல்லியா?" "அப்பா, பட்டப்பகல்." அவர் சிரித்தார், சத்தத்துக்குள் சிரிப்பு நசுங்கி வந்தது. "செரி செரி. அவரு சொல்றதக் கேட்டு நட. அவரு உள்ள வந்தா எந்திரிச்சு நில்லு. அதொண்ணு போதும், மத்ததெல்லாம் தானா வரும்." ம் என்றேன். வைத்துவிடுவார் என்று தெரிந்தது, எப்போதும் இதற்கப்புறம் வைத்துவிடுவார், அதனால் கேட்டுவிட்டேன். கேட்கணும் என்று நினைக்கவேயில்லை, வாயில் இருந்தது. "அப்பா, அன்னிக்கு ஸ்கூல்ல நீங்க ஏன் உக்காரல?" "எங்க?" "ஆபீஸ் ரூம்ல. டிசி வாங்கப் போனப்ப. சேர் காலியாத்தான இருந்துச்சு." "உக்காரச் சொல்லுலியே சாமி" என்றார். கோபமில்லை, வருத்தமுமில்லை, மழை வருலியே என்பது போல. பின்னால் யாரோ, மாமா ராடு ராடு என்று கத்தினான். வெச்சரட்டா என்று கேட்டார், நான் சொல்வதற்குள் போய்விட்டது.

உக்காரச் சொல்லுலியே. சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார். சொல்லவில்லை, நின்றார். கம்ப்யூட்டரில் எழுதுகிற ஒரு வரி மாதிரி இருக்கிறது. பெட்டிக்கு ஒன்றும் சொல்லாவிட்டால் அது ஸ்டாட்டிக், சொன்ன வரிசையில் வந்த இடத்தில் நிற்கும், டாப், லெஃப்ட் என்று என்ன கொடுத்தாலும் காதில் வாங்காது. நான் அவரை என்னவோ நினைத்து வைத்திருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று ஒருநாள் அம்மாவிடம் சொல்லிக்கூட இருக்கிறேன், அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பாமல் இருந்தார். அவர் பயப்படவில்லை. நாற்காலி தனக்கு இல்லை என்று நினைத்தார், அவ்வளவுதான். பயம் என்றால்கூடப் பரவாயில்லை. மறுபடி போன், இந்தத் தடவை பூபதி அண்ணன், பின்னால் நாதஸ்வரம், ஜென்ரேட்டர். "முடிஞ்சுதா?" "இன்னும் இல்லீங்கண்ணா. முத்திரை மேல போய் நிக்குது. தாளாளர் மூஞ்சியில." "ஏன்டா கெடுக்கற! அவரு பாத்தா என்னத் தொங்க விட்ருவாரு. அப்பனுக்குப் பொசிஷன் குடுத்தியா?" அந்த வரி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். "குடுக்கல, அதானே? எத்தன தடவடா சொல்றது. குடு. குடுத்து அந்த நெட்டையன் மூஞ்சி மேல வெச்சு ஏத்திரு. நான் கெளம்பிட்டேன்." வைத்துவிட்டார்.

கொடுத்தேன். போட்டோவைச் சுற்றியிருக்கிற பெட்டிக்கு, அப்பன் என்று பெயர் எழுதியிருக்கிற பெட்டிக்கு, பொசிஷன் ரிலேட்டிவ். சேமித்துத் திறந்தால் முத்திரை தாளாளரை விட்டு இறங்கி என் முகத்தில் வந்து டக்கென்று உட்கார்ந்துவிட்டது. அளவெடுத்தது போல. இத்தனை நேரம் நான் எதைத் தள்ளிப்போட்டேனோ அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கையும் நினைத்தபடியே. நூறு சதவீதத் தேர்ச்சியின் தோளில் லோகித் கை போட்டிருக்கிறான். போனில் எப்படித் தெரியும் என்று பார்த்தேன், போட்டோ சுருங்கியது, முத்திரை பிக்சலில் அளந்ததால் சுருங்காமல் நகர்ந்து ரைஸ் மில் பையனை மூடியது. பிக்சலை எடுத்துவிட்டுச் சதவீதத்தில் கொடுத்தேன். இடமிருந்து ஐம்பத்திரண்டு சதவீதம். கணக்குப் பரீட்சையில் நான் எடுத்த மார்க்கைவிடக் கூட. இப்போது எந்த ஸ்க்ரீனில் பார்த்தாலும் நான் இல்லை. சின்ன போனிலும் இல்லை, பெரிய ஸ்க்ரீனிலும் இல்லை. நல்ல வேலை. அண்ணன் பார்த்தால் மெச்சுவார். இசட்-இண்டெக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, எது மேலே எது அடியில் என்பதற்கு. அதில் மைனஸ் போட்டால் முத்திரை போட்டோவுக்கு அடியில் போய்விடும், வெச்சேனே அண்ணா, உங்களுக்குத் தெரியலியா என்று முழிக்கலாம். போட்டும் பார்த்தேன். வேலை செய்தது. எடுத்துவிட்டேன். அது திருட்டுத்தனம். ஒளிந்துகொள்வதற்கு நான் எதையும் திருடவில்லை.

வெல்டிங் வெளிச்சம் ஒரு தடவை வெட்டியது. முத்திரைக்குப் போட்டிருந்த அப்சல்யூட்டை அழித்தேன். டாப்பை அழித்தேன். ஐம்பத்திரண்டையும் அழித்தேன். முத்திரை மற்ற பெட்டிகளைப் போல வரிசைக்கு வந்து போட்டோவுக்குக் கீழே நின்றது, நின்று, கீழே இருந்த மார்க் பட்டியலைக் கொஞ்சம் தள்ளியது. மேலே என் முகம். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, டை கோணலாக, ஒட்டகம்தான், சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அப்பன் பெட்டிக்குக் கொடுத்த பொசிஷன் இப்போது எதற்கும் தேவையில்லை. அதைவைத்து அளக்க உள்ளே ஒன்றும் இல்லை. தேவையில்லாத வரியை விட்டு வைக்காதே என்று அண்ணன் திட்டுவார். அந்த வரியை மட்டும் நான் எடுக்கவில்லை. ஏற்றிவிட்டேன். பக்கம் ஏறி முடிந்ததும் அதை என் போனில் திறந்து, லோகித்துக்கு அனுப்பலாமா என்று பார்த்து, அனுப்பவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தேன். லெமன் சாதம்தான். கீழே வண்டி நிற்கிற சத்தம், ஸ்டாண்டு போடுகிற சத்தம், வெல்டிங்காரனிடம் அண்ணன் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம். அப்புறம் படியில் செருப்பு. அவர் போனில் பார்த்திருப்பாரா, இனிமேல்தான் பார்ப்பாரா தெரியவில்லை. பார்த்தால் கேட்பார். கேட்டால் சொல்வேன், அது நான்தாங்கண்ணா. கதவைத் தள்ளுகிறார். உள்ளே வந்தால் எழுந்து நில்லு என்று அப்பா சொல்லியிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.